அந்தச் சிவப்பு ஆளுக்குப் பேர் என்ன?

கோண்டாவிலிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். டென்மார்க்கிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சாள், வீட்டில் கிடந்த பழைய லெகோப் பெட்டியொன்றை, ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்ரிக் கட்டைகள், கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நீலமும் சாம்பலுமாக விண்கலத் துண்டுகள், மஞ்சள் கண்ணாடி மாதிரிச் சில துண்டுகள், நிறத்துக்கொன்றாக நாலைந்து குட்டி ஆட்கள். ஒன்பது வயது மகன் இரண்டு மாதமாக அதோடுதான் இருக்கிறான். கொப்பி முழுக்கக் கதை எழுதுகிறான். "சிவப்பு ஆளுக்குப் பேர் என்ன, இவை ஆருடைய ஆக்கள்?" என்று அம்மாவைக் குடைகிறான். இதற்கென்று கதைப் புத்தகம் ஏதும் உண்டா, நல்லூர்த் திருவிழாக் கடையில் வாங்கிய கட்டைகளை இதோடு சேர்க்கலாமா, நீல ஆளின் தலைக்கவசம் நாடியடியில் உடைந்திருக்கிறது, அதை ஒட்டலாமா, பெடியன் படிப்பை விட்டுவிடுவானா? கேள்விகள் இவ்வளவும்.

முதல் கேள்விக்கு விடை சின்னது. அவருக்குப் பேர் இல்லை. கம்பனி வைக்கவில்லை. மறந்துபோய் விட்ட விஷயமென்று நினைக்க வேண்டாம். அந்த வெற்றிடத்தில்தான் நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாக உலகம் முழுக்கப் பிள்ளைகளும், வளர்ந்தும் வளராத பெரிய ஆட்களும் கதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மகன் அந்த வரிசையில் வந்து நிற்கிறான், அவ்வளவுதான்.

சரி, இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். டென்மார்க்கில் யூட்லாந்து என்ற பகுதியில் பில்லுண்ட் என்றொரு சின்ன ஊர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932 இல் மர விளையாட்டுச் சாமான் செய்யத் தொடங்கினார். "நன்றாக விளையாடு" என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் முன்பாதிகளை ஒட்டித்தான் 1934 இல் லெகோ என்று பேர் வைத்தார். மேலே குமிழும் உள்ளே குழாயுமாக இன்று நாம் பார்க்கும் கட்டைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1958 ஜனவரி 28. அந்தக் குழாய்தான் சூட்சுமம். அதற்கு முந்திய கட்டைகள் உள்ளே வெறும் பொந்து, ஒன்றின் மேலொன்று நிற்குமே தவிரப் பிடிக்காது. குழாய் வந்த பிறகு குமிழ் அதற்கும் சுவருக்கும் நடுவில் இறுகிக்கொண்டது.

இந்த யூட்லாந்துதான் எங்கள் ஆட்கள் போய்க் குடியேறிய இடமும். எண்பதுகளின் நடுவில் போனவர்கள் ஹேர்னிங், பிராண்டே பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். பிராண்டேயில் அபிராமி அம்மன் கோயில் இருக்கிறது. அங்கிருந்து பில்லுண்ட் கூப்பிடு தூரமில்லை என்றாலும் காரில் போய்வரும் தூரம்தான். அந்த நாட்டு அரசாங்கம் ஒன்று எங்கள் ஆட்களின் விஷயத்தால் விழுந்ததும் பலருக்குத் தெரியாது. தமிழ் அகதிகளின் மனைவி பிள்ளைகள் போய்ச் சேருவதை நீதி அமைச்சர் 1987 இல் நிறுத்தி வைத்தார். விசாரணை நடந்து அறிக்கை வந்ததும் 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். டேனிஷ்காரர் அதைத் 'தமிழர் வழக்கு' என்றே சொல்வார்கள். இதை ஏன் இங்கே எழுதுகிறேனென்றால், அப்படிக் காத்திருந்த ஒரு குடும்பம் எங்கள் வீட்டிலும் இருந்தது. மாமா அங்கே, மாமியும் மச்சானும் கொக்குவிலில் எங்களோடு. மகனுக்கென்று மாமா 1989 இல் ஆரோ வந்தவரிடம் கொடுத்தனுப்பிய பெட்டிதான் நான் கண்ட முதல் லெகோ. ஒரு வெள்ளை ஆள், ஒரு நாலு சக்கர வண்டி, தட்டு மாதிரி ஒரு அன்ரெனா. மச்சானுக்கு நாலு வயது, வாயில் போட்டான். எனக்குப் பத்து. பெட்டி என்னிடம் வந்து சேர்ந்த வரலாறு இதுதான். மச்சான் இன்றைக்கும் அதைக் களவு என்றுதான் சொல்கிறார்.

அந்த வெள்ளை ஆளையும் உங்கள் மகனின் சிவப்பு ஆளையும் வடிவமைத்தவர் யென்ஸ் நீகோர்ட் குனூட்சன். கை கால் அசையும் அந்தக் குட்டி ஆள் 1978 இல் வெளிவந்தது அவருடைய கையால்தான். அதே வருடம் தொடங்கிய விண்வெளி வரிசையிலும் முதன்மையான கை அவருடையது. 2020 இல் காலமானார். முதலில் வந்தது வெள்ளையும் சிவப்பும். பிறகு மஞ்சள். 1984 இல் நீலமும் கறுப்பும். எல்லாருக்கும் நெஞ்சில் ஒரே சின்னம்: ஒரு கோள், அதைச் சுற்றி வளைந்து போகும் சின்னக் கலம். நன்றாக விளையாடிய ஆளுக்கு அந்தச் சின்னம் தேய்ந்து போயிருக்கும். உங்களிடம் இருப்பதில் எது தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள், டென்மார்க்கில் முந்தி இதை வைத்து விளையாடியவருக்கு எவரைப் பிடித்திருந்ததென்று தெரிந்துவிடும்.

முகத்தைக் கவனித்தீர்களா? இரண்டு புள்ளி, ஒரு சிரிப்பு. 1989 இல் கடற்கொள்ளையர் வரிசை வரும்வரை எல்லா லெகோ ஆட்களுக்கும் அதே முகம்தான். ஆணா பெண்ணா தெரியாது, எந்த நாடு தெரியாது, கோபமா கவலையா தெரியாது. அந்த விண்வெளி ஆட்களின் கையில் துவக்கு இல்லை. எதிரி என்று ஒருவரும் இல்லை. இருந்தது வண்டி, ரேடியோ, கம்பியில்லாக் கருவி, பாறை தூக்கும் இயந்திரம். அந்தக் கம்பனி உண்மையான போர்க்கருவிகளைப் பொம்மையாகச் செய்வதைத் தவிர்த்தே வந்தது. 1989 இல் எங்கள் ஒழுங்கையால் போன வாகனங்களையும் அவற்றில் இருந்தவர்களையும் பார்த்துவிட்டு உள்ளே வந்து, வெறுங்கையோடு சிரித்தபடி நிற்கிற அந்த ஆளைப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பார்சலில் வந்தவர் என்பதால் அவருக்குப் 'பார்சல் மாமா' என்று பேர் வைத்தோம்.

அந்த வரிசையின் தலைமகன் 1979 இல் வந்த கலம். அமெரிக்காவில் 497, ஐரோப்பாவில் 928 என்ற இலக்கத்தில் விற்றது. 338 துண்டுகள். பின்பக்கக் கதவு இரண்டும் விரிந்தால் உள்ளிருந்து ஒரு வண்டி இறங்கும். பெட்டியில் ஆங்கிலப் பேர் ஒன்று இருந்தது, 'கலக்ஸி எக்ஸ்புளோரர்' என்று. அதுகூட எல்லா நாட்டிலும் இல்லை. இதே கலத்தைக் கம்பனியின் 90 ஆவது ஆண்டையொட்டி 2022 இல் 1,254 துண்டுகளாகப் பெருப்பித்துத் திரும்ப விட்டார்கள். சின்ன வயதில் வாங்க முடியாதவர்கள் நரைத்த பிறகு வாங்கினார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பெட்டியின் பின்பக்கம். அதே துண்டுகளால் செய்யக்கூடிய வேறு மூன்று நான்கு கலங்களின் படம் அங்கே இருக்கும். படம் மட்டும்தான், செய்முறை இருக்காது. கண்ணால் பார், மிச்சத்தை நீயே கண்டுபிடி. நானும் தம்பியும் அந்த அட்டையின் மூலையை இரண்டு வருடம் உற்றுப் பார்த்து ஒரு வண்டியைச் சரிக்கட்டினோம். இரண்டுக்கு நாலு குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டை ஆறு இருந்தால் அவற்றை 915,103,765 விதமாகப் பொருத்தலாம் என்று டேனிஷ் கணிதப் பேராசிரியர் ஒருவர் கணினியில் எண்ணிக் காட்டியிருக்கிறார். எங்களிடம் ஆறு இருக்கவில்லை, மூன்றுதான். அதுவே போதுமாக இருந்தது.

1987 இல் கதை மாறுகிறது. 'பிளக்ட்ரோன்' என்று ஒரு கூட்டம் வந்தது. கறுப்பு உடுப்பு, கறுப்பும் மஞ்சளுமான கலங்கள். அவர்கள் கெட்டவர்களா? அந்த வருடத்துப் பெட்டியில் அப்படித் தெளிவாக ஒன்றும் இல்லை. பார்த்தால் அப்படித் தோன்றும், அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து 1989 இல் விண்வெளிப் பொலிஸ் வரிசை வந்தது. அதற்குள் ஒரு சிறைக்கூண்டு, கூண்டுக்குள் ஒரு பிளக்ட்ரோன் ஆள். அப்போதுதான் தீர்ப்பு எழுதப்பட்டது. நடுவில் இருந்த அந்த இரண்டு வருடத்தைப் பற்றித்தான் இன்றைக்கும் ரசிகர்கள் சண்டை பிடிக்கிறார்கள். அவர்கள் கள்ளரா, கிளர்ச்சிக்காரரா, பொலிஸ்காரன் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்கலாமா? ஒரு பொம்மைக் கூண்டைப் பற்றி இவ்வளவு விவாதமா என்று சிரிக்க வேண்டாம். பிடிபட்டவனின் பக்கத்துக் கதையைக் கேட்க வேண்டும் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றினால் அது சின்ன விஷயமில்லை. எங்கள் ஊரில் அதை நான் விளக்கத் தேவையில்லை.

அதற்குப் பிறகு வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1990 இல் காந்தத்தால் பெட்டி தூக்கும் எம்-ட்ரோன். 1993 இல் தோடம்பழ நிறக் கண்ணாடி போட்ட பனிக்கோள்காரர். பிறகு ஒற்றர்கள், ரோபோக்கள், பறக்கும் தட்டுக்காரர், பூச்சி மாதிரிக் கலங்கள். 1999 இல் பிரபல ஹொலிவுட் விண்வெளிப் படங்களின் உரிமையை வாங்கி அந்தப் படக் கதாபாத்திரங்களையே லெகோவாக விற்றார்கள். அமோக விற்பனை. கம்பனிக்கு நல்லது. கதை எழுதுகிற பிள்ளைக்கு நல்லதா என்று என்னைக் கேட்டால், இல்லை என்பேன். அந்த ஆள் பெட்டிக்குள் வரும்போதே பேர், அப்பா பேர், எதிரி, முடிவு எல்லாவற்றோடும் வருகிறார். பிள்ளைக்கு மிச்சம் இருப்பது நடித்துக் காட்டுவது மட்டும். இது என்னுடைய பிடிவாதம். என் மகளே ஒத்துக்கொள்வதில்லை. அவள் அந்தப் படத்து வில்லனைப் பலசரக்குக் கடை முதலாளியாக்கிக் கடனுக்குச் சீனி கொடுக்க வைத்திருக்கிறாள். அதனால் சட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மச்சாள் கொண்டுவந்த பெட்டியில் இருப்பது பழைய, பேரில்லாத வகை என்றால் அது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.

இனி, ரசிகர்கள் என்ன செய்கிறார்கள். கட்டைகளை வைத்து எடுத்த படங்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது 1973 இல் டென்மார்க்கில் பன்னிரண்டும் பத்தும் வயதான இரண்டு மச்சான்மார் சுப்பர் 8 கமெராவில் எடுத்த ஆறு நிமிடப் படம். கதை என்ன தெரியுமா? சந்திரனுக்குப் போவது. கை கால் அசைகிற ஆள் வருவதற்கு ஐந்து வருடம் முந்தியே, விண்வெளி வரிசை என்று ஒன்று இல்லாத நாளிலேயே, பிள்ளைகள் கட்டையை எடுத்ததும் சந்திரனுக்குத்தான் புறப்பட்டிருக்கிறார்கள். கம்பனி பிள்ளைகளுக்குப் பின்னால்தான் வந்தது.

இன்றைக்கு அதே வேலையைப் போனில் செய்கிறார்கள். ஆளை ஒரு மயிரளவு நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம். வினாடிக்கு 12 படம் என்று வைத்தால் ஒரு நிமிடத்துக்கு 720. இன்னொரு கூட்டம் படக்கதை செய்கிறது: கட்டி, படம் பிடித்து, கீழே நாலு வரி எழுதுவது. வேறு சிலர் பெரும் கலங்கள் கட்டுகிறார்கள். குறைந்தது 100 குமிழ் நீளம் இருந்தால்தான் அவர்கள் அதைக் 'கப்பல்' என்று ஒத்துக்கொள்வார்கள். ஒரு குமிழுக்கும் அடுத்ததுக்கும் 8 மில்லிமீற்றர். அப்படியென்றால் 80 சென்ரிமீற்றர், நம் வீட்டுக் கதவின் அகலம். ஒவ்வொரு செப்ரெம்பரிலும் ஒரு மாதத்துக்குள் அப்படியொன்றைக் கட்டி முடிப்பது ஒரு விரதம் மாதிரி நடக்கிறது. பெப்ரவரி என்றால் நிலத்தில் ஓடும் வண்டிகள். அதற்குத் துண்டு குறைவாகவே வேண்டும் என்பதால் உங்கள் மகனுக்குப் பெப்ரவரிதான் தோதான மாதம். இந்தக் கலங்கள் எதுவும் கதையில்லாமல் வருவதில்லை. எந்தக் கோளிலிருந்து புறப்பட்டது, எவரெவர் உள்ளே, எந்த இயந்திரம் பழுது என்று பக்கக்கணக்கில் எழுதுவார்கள். நிறங்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதும் பெரிய விளையாட்டு. சிவப்பு ஓட்டுநர், மஞ்சள் விஞ்ஞானி என்று ஒருவர் சொல்வார், இன்னொருவர் அப்படியே புரட்டிப் போடுவார். மகன் என்ன பிரித்திருக்கிறான் என்று கேளுங்கள். அவனுடையதும் செல்லும்.

விளையாட்டுக்காரர் சொல்லிக் கம்பனி கேட்ட கதையும் உண்டு. ரசிகர் ஒருவர் தன் மொடலைப் போட்டு அதற்குப் பத்தாயிரம் பேர் வாக்களித்தால் கம்பனி அதைப் பரிசீலிக்கும். ஜப்பானில் தொடங்கிய முறை அது, அங்கே முதலில் ஆயிரம் வாக்கே போதுமாக இருந்தது. சிறுகோளின் தூசியை எடுத்து வந்த ஹயபுசா விண்கலம் அப்படித்தான் 2012 இல் லெகோவானது. சந்திரனுக்கு மனிதரை ஏற்றிப் போன சற்றேர்ண் 5 ரொக்கற் 2017 இல் அப்படியே வந்தது. ஒரு மீற்றர் உயரம், துண்டுகளை எண்ணினால் 1,969. ஏன் அந்த எண் என்று மகனிடம் கேளுங்கள். ஆம்ஸ்ரோங் இறங்கிய வருடத்தைச் சொல்லிவிட்டால் ஒரு ஐஸ்பழம்.

உண்மையான விண்வெளிக்கும் இந்த ஆட்கள் போயிருக்கிறார்கள். 2011 இல் ஏவி 2016 இல் வியாழனை எட்டிய நாசாவின் யூனோ கலத்தில் மூன்று லெகோ ஆட்கள்: ரோமர்களின் வியாழக் கடவுள், அவர் மனைவி யூனோ, தொலைநோக்கியோடு கலிலியோ. பிளாஸ்ரிக் தாங்காதென்று அலுமினியத்தில் செய்தார்கள். கோயிலில் நவக்கிரகம் சுற்றும்போது எங்கள் பிள்ளைகள் வியாழனைச் சுற்றுகிறார்கள், அங்கே மூன்று குட்டி ஆட்கள் உண்மை வியாழனையே சுற்றிக்கொண்டு. அதே 2011 இல் ஜப்பானிய விண்வெளி வீரர் சத்தோஷி ஃபுருக்காவா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் இருந்துகொண்டே அந்த நிலையத்தின் லெகோ மொடலைக் கட்டினார். துண்டுகள் மிதந்து போய்விடும் என்பதால் மூடிய பெட்டிக்குள் கையுறையால் கையை விட்டுத்தான் கட்ட வேண்டியிருந்தது. மூலையில் விழுந்த துண்டைத் தும்புத்தடியால் கூட்டி எடுக்கிற நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். 2024 இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் விண்கல்லை அரைத்த தூளைக் கலந்து லெகோ மாதிரியே கட்டைகள் அச்சிட்டுக் காட்டியது. கல்லின் வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டு. சந்திரனில் வீடு கட்டுவதென்றால் அங்கிருக்கும் மண்ணையே கட்டையாக்கிப் பொருத்த முடியுமா என்று பார்ப்பதற்கான வேலை அது.

நல்லூர்க் கடைக் கட்டைகளுக்கு வருவோம். சேர்க்கலாம், ஆனால் சோதித்துப் பார்த்து. கட்டையின் பழைய காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. குமிழ் உள்ள வடிவத்தைத் தன் அடையாளமாக மட்டும் வைத்திருக்க லெகோவுக்கு உரிமை இல்லை என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005 இலும் ஐரோப்பிய நீதிமன்றம் 2010 இலும் தீர்ப்பளித்தன. ஆகவே பொருந்தக்கூடிய கட்டை செய்வது களவல்ல. லெகோவின் பெட்டியை, படத்தை, ஆளை அப்படியே நகலெடுத்து விற்பதுதான் களவு. நடைமுறைப் பிரச்சினை வேறு. நல்ல கட்டையின் அச்சு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு என்ற கணக்கில் துல்லியமாக இருக்கும். மலிவுக் கட்டையில் அந்தத் துல்லியம் தவறும்போது ஒன்று கழன்று விழும், இல்லாவிட்டால் பல்லால் கடித்துத்தான் கழற்ற வேண்டும். இறுக்கமானதைப் பழைய கட்டையோடு வலிந்து பொருத்தினால் பழையதுதான் வெடிக்கும். அதனால் மலிவானவற்றை அடித்தளம், மலை, மதில் கட்டுவதற்கு விட்டுவிடுங்கள், கலத்துக்கு வேண்டாம். வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் எல்லாத் துண்டுமே கைக்கெட்டாத உயரத்தில். என் மச்சானின் வாய் நினைவிருக்கட்டும்.

துண்டு போதாதென்றால் இன்னொரு வழி உண்டு. 1995 இல் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்ற அவுஸ்திரேலியர் லெகோவைக் கணினிக்குள்ளேயே கட்டும் 'எல்ட்ரோ' என்ற மென்பொருளை எழுதினார். இரண்டு வருடத்தில் அவர் இறந்துபோனார்; ரசிகர்கள் அதை வளர்த்தெடுத்து இன்றுவரை இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். அதைப் போல இலவசமான வேறு மென்பொருள்களும் இருக்கின்றன. பழைய கணினியே போதும். கொழும்பு விலையும் இல்லை, சுங்கமும் இல்லை. பழைய பெட்டிகளின் செய்முறைத் தாள்களும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. உங்களிடம் இருக்கும் துண்டுகள் எந்தப் பெட்டியைச் சேர்ந்தவை என்று மகனே கண்டுபிடிப்பான். ஒரு சனிக்கிழமை அப்படியே போய்விடும்.

கதைப் புத்தகம் கேட்டீர்கள். வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம், எழுதுகிற நேரத்திலாவது. வேண்டுமானால் கதைக்கு இடம் காட்டுங்கள். மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நிலாவரைக்குப் போங்கள். ஆழம் காண முடியாத கிணறென்று ஊர் சொல்லும். மேலே நல்ல தண்ணீர், கீழே இறங்க இறங்க உப்பு. சுண்ணாம்புக் கல் கரைந்து விழுந்து உண்டான பள்ளம் அது. கீரிமலைக் கேணிக்கு உள்ளால் வழியிருக்கிறதென்று எங்கள் அம்மம்மா சொன்னதை நான் இன்னும் முழுதாக நம்பாமல் விடவில்லை. நீல ஆளை அதற்குள் இறக்கினால் கீழே என்ன இருக்கும்? காங்கேசன்துறையில் பழைய சீமெந்துத் தொழிற்சாலையின் கோபுரங்களைத் தூரத்திலிருந்து காட்டுங்கள். கைவிடப்பட்ட ஏவுதளம் இல்லையென்று எவர் சொல்வது? நெடுந்தீவுக்குப் படகில் போனால் பவளக்கல் மதிலும், ஆளில்லா வெளியில் மேயும் குதிரைகளும், தடித்த பெருக்கு மரமும். வேறு கோளுக்கு என்ன குறை? ஆனையிறவு உப்பளம் மத்தியான வெயிலில் செவ்வாயைவிட வெறுமை. இதையெல்லாம் பில்லுண்டில் இருப்பவர் எழுத முடியாது.

நாங்கள் அப்படித்தான் எழுதினோம். 1990 இல் போரோடு மின்சாரம் போனது, வருடக்கணக்கில் வரவில்லை. பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தல் விளக்கில் திரி போட்டு, அதை மேசையில் வைத்து, வண்டியின் நிழலைச் சுவரில் ஓடவிட்டால் அறை அளவுக்கு விண்கலம் வரும். எண்ணெய் மிச்சம் பிடிக்க அம்மா விளக்கை அணைத்தால் முற்றத்துக்கு வருவோம். ஊரில் ஒரு லைற் இல்லை. அப்படி ஒரு வானத்தை இப்போது நெடுந்தீவில்தான் பார்க்கலாம். பார்சல் மாமா எந்த நட்சத்திரத்துக்குப் போயிருக்கிறார் என்று தம்பி காட்டுவான், ஒவ்வொரு இரவும் வேறொன்றை. அவர் போன வழியில் தடை முகாம் இருந்தது. கடவுச்சீட்டு எடுக்க வரிசையில் நின்றார். ஒருமுறை மண்ணெண்ணெய் இல்லாமல் நடுவானில் நின்று, நெப்ரியூன்காரரிடம் அரைப் போத்தல் கடன் வாங்கினார். விண்வெளிக் கதை என்று நினைத்துத்தான் எழுதினோம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு ஊரே இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது கொப்பியும் பெட்டியும் வீட்டில் நின்றுவிட்டன. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது இரண்டும் இல்லை. கிணற்றடி வாழைப் பாத்தியில் ஒரு நீலக் கட்டை மட்டும், பாதி மண்ணுக்குள். கழுவி வைத்திருந்தேன். போன வருடம் மகளுக்கு வந்த புதுப் பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதன் மேல் அமத்தினேன். 'டக்' என்று பிடித்தது. 1958 க்குப் பிந்திய எந்த வருடத்துக் கட்டையும் இன்றைக்கு வரும் கட்டையோடு பொருந்தும் என்று வாசித்திருந்தேன். கையால் உணர்வது வேறு.

படிப்பு? ஒன்பது வயதில் தானாகவே கொப்பி நிறைய எழுதும் பிள்ளை கெட்டுப்போகிறான் என்று நான் சொல்ல மாட்டேன். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகிறது என்று பயப்படுகிறீர்கள், விளங்குகிறது. கொப்பியைப் பறிக்காமல் நேரத்தை மட்டும் வகுத்துக் கொடுங்கள். எழுத்துப் பிழையைச் சிவப்புப் பேனையால் திருத்த வேண்டாம், அந்தக் கொப்பியில் மட்டும். படம் எடுக்க ஆசைப்பட்டால் உங்கள் போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிடுங்கள். யன்னல் வெளிச்சம் வேண்டாம், முகில் போனால் படம் மினுங்கும். மேசை லைற் போதும், காற்றாடியை நிறுத்தி வைக்கவும். கலம் பறக்க வேண்டுமென்றால் குருநகர்ப் பக்கம் வலைச்சாமான் விற்கும் கடையில் மெல்லிய தங்கூசி வாங்கிக் கட்டுங்கள், கமெராவில் தெரியாது.

கடைசியாக அந்தத் தலைக்கவசம். பழைய கவசங்களில் நாடிப் பட்டி மெல்லிசு, அந்த இடத்தில்தான் எல்லாருக்கும் உடையும். பிறகு கம்பனியே அதைத் தடிப்பாக்கியது. 2014 இல் வந்த லெகோப் படத்தில்கூட நீல விண்வெளி வீரர் சரியாக அதே இடத்தில் உடைந்த கவசத்தோடுதான் வருவார்; சின்ன வயதில் உடைத்தவர்கள் திரையரங்கில் கைதட்டினார்கள். பசை போட வேண்டாம். வழிந்து முகத்தில் ஒட்டினால் பிறகு கழற்ற முடியாது, அந்தச் சிரிப்பும் போய்விடும். உடைந்தபடியே விட்டு, எப்படி உடைந்தது என்று மகனிடம் கேளுங்கள். அடுத்த அத்தியாயத்தை அவன் அங்கிருந்து தொடங்குவான். சிவப்பு ஆளுக்கு என்ன பேர் வைத்தான் என்று எனக்கும் சொல்லுங்கள்.